பின்னால் எழுதிய ஜாதகம்

கிரிக்கெட்டைப் போலத் தன் சரித்திரத்தைத் தானே ஓயாமல் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கும் விளையாட்டு வேறொன்று உண்டா என்பது சந்தேகமே. இன்ன மைதானத்தில், இன்ன தேதியில், இன்னார் எடுத்தது இத்தனையாவது சதம் என்று கணக்குப்பிள்ளையின் சிரத்தையோடு குறித்து வைப்பதும், ஐம்பது ஆண்டு நிறைந்தது, நூறு ஆண்டு நிறைந்தது என்று சொல்லி விழா எடுப்பதும், அந்த விழா நடந்து இத்தனை ஆண்டு ஆயிற்று என்று மறுபடியும் ஒரு விழா எடுப்பதும் அதன் பக்தர்களுக்குச் சுபாவமாகவே அமைந்துவிட்டன. ஆயினும் இந்த மைல்கற்களின் விருத்தாந்தத்தைச் சற்றே நிதானமாக விசாரிக்கப் புகுந்தால் ஒரு வேடிக்கை புலப்படும். வழி நடந்தவர் ஒருவர். கல் நாட்டியவர் வேறொருவர். இருவருக்கும் நடுவே பல சமயங்களில் ஒரு தலைமுறைக் காலமே கிடக்கிறது. பிள்ளை பிறந்த வேளையில் நாழிகை பார்க்க ஆளில்லாமல் போய், அவன் வளர்ந்து நாலு பேர் மெச்சப் பெயரெடுத்த பிறகு, ஊரார் சொன்ன அடையாளங்களைக் கொண்டு ஜாதகம் கணிக்க உட்கார்ந்த கதைதான் சர்வதேசக் கிரிக்கெட்டின் கதை.

1877ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி வியாழக்கிழமை, மதியம் ஒரு மணிக்குச் சற்றுப் பின்பு, மெல்பர்ன் மைதானத்தில் ஆல்பிரட் ஷா என்ற ஆங்கிலேயர் வீசிய பந்தைச் சார்லஸ் பேனர்மேன் என்பவர் எதிர்கொண்டாரே, அதுவே டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் பந்து என்று இன்று எல்லாப் புத்தகங்களும் கூறுகின்றன. வீசியவருக்கும் அது தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. விளம்பரத்தில் கண்டிருந்ததெல்லாம், இங்கிலாந்திலிருந்து வந்திருக்கும் பதினொருவரை நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா என்னும் இரு குடியேற்றங்களின் கூட்டுக் குழு எதிர்த்து ஆடும் என்பது மட்டுமே. ஆஸ்திரேலியா என்றொரு தேசம் அரசியல் ரீதியாக உருவாவதற்கே இன்னும் இருபத்துநான்கு ஆண்டுகள் பாக்கி இருந்தன. அந்தக் கூட்டுக் குழுவிலோ இங்கிலாந்தில் பிறந்தவர்கள் இருந்தார்கள், அயர்லாந்தில் பிறந்தவர் ஒருவர் இருந்தார், பிரான்ஸ்பி கூப்பர் என்று இந்தியாவில் பிறந்தவர் ஒருவரும் இருந்தார். முதல் பந்தை எதிர்கொண்ட பேனர்மேனே கென்ட் மாவட்டத்துப் பிள்ளைதான்.

வந்திருந்த ஆங்கிலக் குழுவும் தேசத்தின் பிரதிநிதியாக வந்ததன்று. ஜேம்ஸ் லில்லிவைட் என்பவர் லாப நோக்கத்தோடு கூட்டி வந்த, கூலிக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் கோஷ்டி அது. டபிள்யூ.ஜி. கிரேஸ் முதலிய கனவான்கள் ஒருவரும் அதில் இல்லை. ஊர் ஊராகச் சென்று, பதினெட்டுப் பேரும் இருபத்திரண்டு பேரும் கொண்ட உள்ளூர்க் குழுக்களோடு ஆடி, வசூலைப் பங்கிட்டுக்கொண்டு வந்தவர்கள், நியூஸிலாந்திலிருந்து கப்பலேறி, கடல் மயக்கம் தெளியாமல், ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் மெல்பர்னில் வந்து இறங்கினார்கள்.

இறங்கியவர்களில் விக்கெட் காப்பாளர் இல்லை. டெட் பூலி என்னும் அந்த மனிதர் அச்சமயம் நியூஸிலாந்தில் போலீஸ் காவலில் இருந்தார். கிரைஸ்ட்சர்ச்சில் பதினெட்டுப் பேர் கொண்ட உள்ளூர்க் குழுவுடன் ஆட்டம் நடந்தபோது, எதிர்தரப்பின் ஒவ்வொரு ஆட்டக்காரரும் எத்தனை ரன் எடுப்பார் என்று தாம் முன்கூட்டியே சொல்வதாகவும், சொன்னது பலித்தால் தமக்கு ஒரு பவுன், பொய்த்தால் எதிராளிக்கு ஒரு ஷில்லிங் என்றும் பூலி ஒருவரிடம் பந்தயம் கட்டினார். பிறகு அத்தனை பேருக்கும் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தார். பதினெட்டுப் பேர் ஆடும் உள்ளூர்க் குழுவில் பூஜ்யங்களுக்குப் பஞ்சமா? பணத்தைக் கேட்கப் போன இடத்தில் வாக்குவாதம் கைகலப்பாக முற்றி, வழக்கு வரையில் போயிற்று. குழு அவரை விட்டுவிட்டுக் கப்பலேறியது. பின்னால் அவரை ஜூரிகள் குற்றமற்றவரென்று விடுதலை செய்தார்கள். ஆனால் பூலி தம் ஆயுளில் ஒரு டெஸ்டும் ஆடியவரல்லர். கிரிக்கெட்டையும் சூதாட்டத்தையும் சேர்த்துப் பேசும்போது நல்ல காலம் மலையேறிவிட்டதாக விசனப்படுகிறவர்கள், முதல் டெஸ்டுக்கு முன்பே நடந்த இந்தச் சம்பவத்தை அறிந்திருப்பது நலம்.

மறு தரப்பிலும் மனஸ்தாபத்துக்குக் குறைவில்லை. தமது நண்பர் மர்டாக்கை விக்கெட் காப்பாளராகப் போடாவிட்டால் ஆட வரமாட்டேன் என்று வேகப்பந்து வீச்சாளர் ஸ்போபோர்த் பிடிவாதம் பிடித்து, வராமலே இருந்துவிட்டார். பிளாக்கம் காப்பாளரானார். மைதானத்திலோ புதிதாகக் கட்டிய ஒரு பார்வையாளர் மேடை நின்றது. அதன் ஆசனங்களைத் திருப்பிப் போட வகை செய்திருந்ததால், கோடையில் மைதானத்துப் பக்கம் பார்த்துக் கிரிக்கெட்டும், குளிர்காலத்தில் பின்புறத்துப் பூங்காவைப் பார்த்துக் கால்பந்தும் பார்க்கலாம். கல்லாப்பெட்டியை மறக்காத அந்தத் தச்சு வேலை எட்டு ஆண்டுக்குள் தீக்கிரையாயிற்று.

பேனர்மேன் அன்றும் மறுநாளும் ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்வது! யூலியட்டின் பந்து விரலைப் பிளந்து, அவர் வெளியேற நேர்ந்தபோது அவர் பெயருக்கு எதிரே 165 ரன்கள் இருந்தன. குழுவின் மொத்தம் 245. அவருக்கு அடுத்தபடியாக அதிகம் எடுத்தவர் எடுத்தது 18. ஒரு முழு இன்னிங்ஸில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒருவரே எடுத்த அந்த விகிதத்தை இன்றளவும் டெஸ்ட் ஆட்டத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. மெல்பர்ன் ஜனங்கள் சந்தா வசூலித்து அவருக்குப் பரிசளித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் முதல்தர ஆட்டத்தில் அவர் வேறு சதம் எடுத்ததில்லை என்பதை நினைக்கும்போது, சரித்திரம் தன் முதல் பக்கத்தில் எழுதுவதற்காகவே அந்த மனிதரை ஒரே ஒரு தரம் தட்டி எழுப்பியதோ என்றுகூடத் தோன்றும். இங்கிலாந்து 196 எடுத்தது. ஆஸ்திரேலியர் இரண்டாம் தடவை 104க்குச் சுருண்டார்கள். 154 எடுத்தால் வெற்றி என்ற நிலையில், டாம் கெண்டால் என்ற இடக்கைப் பந்து வீச்சாளர் 55 ரன்களுக்கு ஏழு பேரை வீழ்த்தினார். ஆங்கிலேயர் 108க்கு அடங்கினர். வித்தியாசம் 45 ரன்கள். இந்த நாற்பத்தைந்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவே முதல் டெஸ்ட் என்று தீர்மானித்தது யார்? ஸ்தாபனம் ஒன்றும் இல்லை. அடிலெய்டு நகரத்துப் பத்திரிகையாளர் கிளாரன்ஸ் மூடி என்பவர், 1894இல் வெளியிட்ட தம் புத்தகத்தில், அதுவரை நடந்த ஆட்டங்களுள் டெஸ்ட் என்ற அந்தஸ்துக்கு எவை எவை உரியவை என்று தம் அபிப்பிராயப்படி ஒரு ஜாபிதா கொடுத்திருந்தார். அந்த ஜாபிதாவை மறுப்பாரில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். பதினேழு வருஷத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை இவ்விதமாக ஒரு தனி மனிதரின் பேனா முனையில் புண்ணிய தினமாயிற்று. 1877இல் தமது நாற்பத்தொன்பதாம் வயதில் இங்கிலாந்துக்காக ஆடிய ஜேம்ஸ் சதர்ட்டன், முதல் டெஸ்ட் ஆடியவர்களுள் வயதில் மூத்தவர் என்ற கீர்த்தியை இன்றும் வைத்திருக்கிறார். டெஸ்ட் ஆட்டக்காரர்களுள் முதலில் இறந்தவரும் அவரே. 1880இல் கண்ணை மூடிய அவருக்கு, தாம் டெஸ்ட் ஆடியவர் என்ற செய்தி எந்த விதத்திலும் எட்டியிருக்க நியாயமில்லை.

தென்னாப்பிரிக்கக் கதை இதைவிட விநோதமானது. 1889 மார்ச்சில் போர்ட் எலிசபெத்தில் உள்ளூர்க் குழுவோடு ஆடிய ஆங்கில கோஷ்டி, சுமாரான சில தொழில்முறை ஆட்டக்காரர்களும், பொழுதுபோக்காக வந்த சில கனவான்களும் கலந்த கூட்டம். அதன் கேப்டன் ஆப்ரி ஸ்மித் பின்னாளில் ஹாலிவுட்டில் குடியேறி, மீசை முறுக்கிய ஆங்கிலப் பிரபுவாகச் சினிமாவில் தோன்றி உலகப் புகழ் பெற்றார். அந்த ஆட்டங்களும் பிற்பாடு டெஸ்டுகளாகக் கணக்கில் ஏறின. அதனால் ஸ்மித் ஒரே டெஸ்ட் ஆடி, அதிலேயே இங்கிலாந்தின் கேப்டனாகவும் இருந்தவராகிறார். அதே யாத்திரையில் கேப் டவுனில் ஆடிய எமில் மக்மாஸ்டர் என்பவர் தம் ஜன்மத்தில் ஆடிய ஒரே முதல்தர ஆட்டம் அந்த டெஸ்ட்தான். அதில் அவர் எடுத்தது பூஜ்யம்.

ஏற்றியதைப் போலவே இறக்கியதும் உண்டு. 1970இல் நிறவெறிக் கொள்கையின் காரணமாகத் தென்னாப்பிரிக்கக் குழுவின் வருகை ரத்தானபோது, சோபர்ஸின் தலைமையில் உலகக் குழு ஒன்று இங்கிலாந்தோடு ஐந்து ஆட்டங்கள் ஆடியது. ஆடிய காலத்தில் அவை டெஸ்ட் என்றே வழங்கின. லார்ட்ஸில் நடந்த முதல் ஆட்டத்தில் கிளாமோர்கன் குழுவின் ஆலன் ஜோன்ஸ் இங்கிலாந்துக்காக இறங்கி 5, 0 என்று எடுத்துத் திரும்பினார். அவருக்கு மறு அழைப்பு வரவில்லை. அது போதாதென்று, அந்த ஆட்டங்கள் டெஸ்ட் அல்ல என்று சர்வதேச ஸ்தாபனம் பிற்பாடு தீர்ப்புக் கூறியபோது, அந்த ஐந்தும் பூஜ்யமும்கூட அவரிடமிருந்து பறிபோயின. முதல்தர ஆட்டங்களில் 36,000 ரன்களுக்கு மேல் எடுத்து, டெஸ்டே ஆடாதவர் என்ற பட்டத்தோடு அவர் ஓய்வு பெற்றார். அந்த ஆட்டத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைந்த 2020இல், இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் மனமிரங்கி, 696 என்ற வரிசை எண்ணோடு ஒரு தொப்பியை அவருக்கு வழங்கிற்று. 2005இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவோடு ஆடிய மற்றொரு உலகக் குழுவின் ஆட்டத்தை அதே சர்வதேச ஸ்தாபனம் டெஸ்ட் என்று கணக்கில் சேர்த்திருக்கிறது. அதற்கு 1970இன் ஆட்டங்கள் எவ்விதத்தில் தாழ்ந்தவை என்று கேட்டால், தர்க்கத்துக்கு அகப்படும் பதில் என் அறிவுக்கு எட்டவில்லை.

ஒரு நாள் ஆட்டத்தின் ஜனனமும் அதே மெல்பர்ன் மைதானத்தில், அதே அஜாக்கிரதையோடுதான் நிகழ்ந்தது. 1970-71 யாத்திரையில், புத்தாண்டை ஒட்டி ஆரம்பமாக இருந்த டெஸ்டில் டாஸ் போட்ட கையோடு மழை பிடித்துக்கொண்டு, ஒரு பந்தும் வீசாமலே ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தது. நஷ்டத்தில் கொஞ்சமாவது மீட்கவும், ஏமாந்த ஜனங்களைச் சமாதானப்படுத்தவும், 1971 ஜனவரி 5ஆம் தேதி, ஆளுக்கு நாற்பது ஓவர், ஓவருக்கு எட்டுப் பந்து என்று அவசர அவசரமாக ஓர் ஆட்டத்தை ஏற்பாடு செய்தார்கள். பார்க்க வந்தவர்கள் 46,006 பேர். இங்கிலாந்து 190, ஆஸ்திரேலியா ஐந்து விக்கெட் இழந்து 191. வந்த கூட்டத்தைக் கண்டு வாரியத்தார் பிரமித்துப் போனார்களேயொழிய, உலகக் கோப்பைகளுக்கெல்லாம் அஸ்திவாரம் போட்டுவிட்டோம் என்று அன்று மாலை எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. உலகக் கோப்பை என்ற யோசனையையும் முதலில் நடத்திக் காட்டியவர்கள் பெண்கள். 1973இல் இங்கிலாந்தில் அவர்கள் போட்டி நடத்தி, ரேச்சல் ஹேஹோ பிளின்ட்டின் குழு ஜயித்தது. ஆடவர் போட்டி 1975இல்தான் வந்தது. இருபது ஓவர் ஆட்டத்திலும் 2004 ஆகஸ்டில் ஹோவ் நகரில் இங்கிலாந்து, நியூஸிலாந்துப் பெண்கள் ஆடி முடித்து ஆறு மாதம் கழித்தே, ஆக்லாந்தில் ஆடவர்கள் ஒட்டு மீசையும் பொய் முடியும் வைத்துக்கொண்டு வேடிக்கையாக இறங்கினார்கள். விழா எடுப்பவர்களின் பஞ்சாங்கத்தில் இந்த இரண்டு தேதிகளும் சிறிய எழுத்தில்தான் அச்சாகின்றன.

இனி நூற்றாண்டு விழாவுக்கு வருவோம். 1877இன் ஞாபகார்த்தமாக, அதே மைதானத்தில் அதே மார்ச் மாதத்தில் அதே இரு தேசங்களும் ஒரு டெஸ்ட் ஆட வேண்டும் என்ற யோசனை, ஆஸ்திரேலியாவுக்காக ஒரு காலத்தில் பந்து வீசியவரும், மெல்பர்ன் கிரிக்கெட் கழகத்தின் நிர்வாகியுமான ஹான்ஸ் எபெலிங் என்பவருடையது. அதுவரை இவ்விரு நாடுகளுக்கிடையே டெஸ்ட் ஆடி உயிரோடிருந்த யாவரையும் அழைத்தார்கள். இருநூறு பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். எண்பத்துநான்கு வயதான பெர்சி பெண்டர், பார்வை ஏறக்குறைய மங்கிவிட்ட நிலையில், மைதானத்தில் நடப்பதைக் கூட இருந்து வருணிக்கத் தம் பேரப்பிள்ளையை அழைத்துக்கொண்டு இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார். ஆஸ்திரேலியர்களில் மூத்தவரான ஜாக் ரைடர் விழா முடிந்த மூன்றாம் வாரத்தில் காலமானார்.

விழா ஆட்டங்கள் பெரும்பாலும் உப்புச்சப்பில்லாமல் முடிவதே உலக வழக்கு. விருந்துக்குக் கொடுத்த சிரத்தை ஆட்டத்துக்கு மிஞ்சுவதில்லை. இது அந்த வழக்கத்துக்கு விலக்காயிற்று. டோனி கிரெய்க்கின் இங்கிலாந்துக் குழு அப்போதுதான் இந்தியாவில் 3-1 என்று தொடரை வென்றுவிட்டு, அந்த வெற்றியைச் சென்னைச் சேப்பாக்கத்தில் உறுதி செய்தபோது, பந்துக்கு வாஸ்லின் தடவியதாக எழுந்த விவகாரத்தின் புகைச்சலும் அடங்காமல், ஆஸ்திரேலியாவுக்கு வந்திருந்தது. கிரெய்க் டாஸ் ஜயித்து எதிரிகளை ஆடச் சொன்னார். ஆஸ்திரேலியா 138க்குச் சரிந்தது. வில்லிஸின் பந்து மக்காஸ்கரின் தாடையை முறித்தது. இங்கிலாந்தின் கதி இன்னும் பரிதாபம். லில்லி 26 ரன்களுக்கு ஆறு பேரை எடுக்க, 95க்கு அஸ்தமித்துவிட்டது. மகாராணி வருகை தரப்போகும் ஐந்தாம் நாள் வரை ஆட்டம் உயிரோடிருக்குமா என்று ஏற்பாட்டாளர்கள் கவலைப்படும்படி ஆயிற்று. பிறகு ஆடுகளம் இளகியது. இருபத்தொரு வயது ஹூக்ஸ், தம் முதல் டெஸ்டில், கிரெய்க்கின் பந்துகளைத் தொடர்ந்து ஐந்து தரம் எல்லைக்கு விரட்டினார். மார்ஷ் சதம் எடுத்தார். ஆஸ்திரேலிய விக்கெட் காப்பாளர் ஒருவர் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் எடுத்த முதல் சதம் அது. தாடையையும் தலையையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைக் கட்டோடு மக்காஸ்கர் பத்தாவது ஆளாக இறங்கி 25 ரன் எடுத்ததும், அவரும் மார்ஷும் சேர்ந்து 54 ரன் கூட்டியதும் அப்போது தீரச் செயலாக மட்டுமே தோன்றின. அந்த ரன்களின் விலை கடைசி நாளில்தான் தெரிந்தது.

463 எடுக்க வேண்டும் என்று இறங்கிய இங்கிலாந்துக்கு டெரெக் ராண்டால் என்ற துறுதுறுத்த மனிதர் வாய்த்தார். லில்லியின் பந்து தலையில் தாக்கி விழுந்தவர் எழுந்து நின்று, அடுத்து வந்த ஒரு பவுன்சருக்குக் குனிந்து தப்பியதும், தொப்பியைக் கழற்றி லில்லிக்கு வந்தனம் செய்தார். 161இல் இருக்கையில், மார்ஷ் பந்தைப் பிடித்துவிட்டதாக அம்பயர் கை உயர்த்த, பந்து தரையில் பட்டது என்று மார்ஷே சொல்லி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கடைசியில் 174க்கு ஆட்டமிழந்து, ஜனங்களின் ஆரவாரத்தில் திக்குத் தெரியாமல் வேறொரு வாசல் வழியாக ஏறி, மகாராணி வீற்றிருந்த இடத்தருகே போய் நின்றார். லில்லியோ, மகாராணிக்கு அறிமுகம் செய்துவைத்தபோது கையெழுத்துக் கேட்டாராம். அங்கே கிடைக்கவில்லை, பிற்பாடு கையொப்பமிட்ட படம் தபாலில் வந்தது. அவர் வீசிய பந்தில் நாட் எல்.பி.டபிள்யூ. ஆனபோது இங்கிலாந்தின் கணக்கு 417. கூட்டிக் கழித்துப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். வித்தியாசம் 45 ரன்கள். நூறு ஆண்டுக்கு முன் எந்தத் தரப்பு, எத்தனை ரன்னில் வென்றதோ, அந்தத் தரப்பே, அத்தனை ரன்னிலேயே வென்றிருந்தது.

இந்தத் தெய்வ சங்கல்பத்தை எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்த அதே நாட்களில், தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கரின் ஆட்கள், இரகசியமாக ஒரு போட்டி அமைப்பை உருவாக்கும் பொருட்டு, ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். சிலர் கையொப்பமும் இட்டிருந்தனர். மே மாதம் செய்தி வெடித்தது. கிரெய்க் தலைமைப் பதவியை இழந்தார். சம்பிரதாயம் போயிற்று, பணம் வந்து புகுந்தது என்று பெரியவர்கள் புலம்பினார்கள். நூற்றாண்டு கொண்டாடப்பட்ட அந்த முதல் ஆட்டமே லில்லிவைட் என்பவர் லாபத்துக்காக நடத்திய வியாபாரம் என்பதையும், அதில் ஆட வந்த ஆங்கிலேயர் பதினொருவரும் கூலிக்கு வந்தவர்கள் என்பதையும் அந்தப் புலம்பலில் ஒருவரும் பிரஸ்தாபித்ததாகக் காணோம். பேக்கரை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் 1877இன் நேர் வாரிசு விருந்து மேஜையில் இருந்தவர்களா, அவரா என்று கேட்டால், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்டின் நூற்றாண்டை 1980 ஆகஸ்டில் கொண்டாடினார்கள். அசல் ஆட்டம் நடந்தது ஓவல் மைதானத்தில். விழாவை மட்டும் லார்ட்ஸில் வைத்துக்கொண்டார்கள். மழை பெய்தது, ஆட்டம் தாமதமான ஆத்திரத்தில் கழக உறுப்பினர்கள் சிலர் அம்பயர்களைப் பிடித்துத் தள்ளினார்கள், முடிவு டிரா. அவ்வளவே அதைப் பற்றிச் சொல்லத் தகுந்தது.

அதே 1980இல், சில மாதம் முன்னதாக, நம் நாட்டிலும் ஒரு ஜுபிலி டெஸ்ட் நடந்தது. இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவை முன்னிட்டு, பம்பாய் வான்கடே மைதானத்தில் பிப்ரவரி 15ஆம் தேதி இங்கிலாந்தோடு ஆரம்பமான ஆட்டம் அது. மறுநாள் பூரண சூரிய கிரகணம். கிரகண வேளையில் ஜனங்கள் வெட்டவெளியில் கூடி வானத்தை அண்ணாந்து பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதென்று, முதல் நாள் ஆட்டம் முடிந்த கையோடு இரண்டாம் நாளையே ஓய்வு நாளாக்கினார்கள். ராகு கேதுவுக்காக ஆட்டம் நின்றது என்று பரிகசித்தவர்களும் உண்டு. விழா எடுத்தவர் நாம். பலனை அனுபவித்தவர் இயன் போதம். பதின்மூன்று விக்கெட்டுகளும் ஒரு சதமும் அவர் ஒருவரே எடுக்க, டெஸ்ட் ஒன்றில் சதமும் பத்து விக்கெட்டும் சேர்த்து எடுத்த முதல் ஆடவர் என்ற கீர்த்தி, நம் பொன்விழாப் பந்தலில் அவருக்குக் கிடைத்தது. விக்கெட் காப்பாளர் பாப் டெய்லர் பத்துப் பேரைப் பிடித்து அதுவும் ஒரு சாதனையாயிற்று. இங்கிலாந்து பத்து விக்கெட் வித்தியாசத்தில் ஜயித்தது.

ஆனால் நடுவே ஒரு தருணம். 58 ரன்களுக்கு ஐந்து விக்கெட் போன நிலையில் இங்கிலாந்து தத்தளிக்க, போதமும் டெய்லரும் கூட்டுச் சேர்ந்திருந்தார்கள். டெய்லரின் மட்டையில் பட்டுப் பந்து காப்பாளர் கைக்குப் போனதாக முறையீடு எழுந்து, அம்பயரும் கை உயர்த்திவிட்டார். டெய்லர் தயங்கி நின்றார். ஸ்லிப்பில் நின்றிருந்த இந்தியக் கேப்டன் குண்டப்பா விசுவநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்று பட்டது. அம்பயரிடம் சென்று பேசி, முறையீட்டை வாபஸ் வாங்கி, டெய்லரைத் திரும்ப அழைத்தார். இருவரும் சேர்ந்து எடுத்தது 171 ரன்கள். ஆட்டம் அங்கேதான் கை நழுவிப் போனது. விசுவநாத் இந்தியாவின் கேப்டனாக இருந்தது மொத்தம் இரண்டே டெஸ்டுகளில், இது இரண்டாவது.